ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் அசையும் அழுத்தமும்: எங்கே தடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது

ப்ளாக் தெரியும், போர்ட் தெரியும். ப்ளாக்போர்ட் என்று சேர்த்துச் சொன்னால் மட்டும் கேட்பவர் நெற்றியைச் சுருக்குகிறார். ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் பிழை மூன்று இடங்களில்தான் ஒளிந்திருக்கும்: இரண்டு சொல் ஒட்டும் மூட்டில், அசை எண்ணிக்கையில், அழுத்தத்தில். உங்களுக்கு நேர்வது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் சரிபார்க்கும் வரிசை மாறக் கூடாது. முதலில் மூட்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதற்கு இரு பக்கமும் தனித்தனியாக அசை பிரியுங்கள். அழுத்தம் கடைசி. மூட்டைப் பார்க்காமல் முழுச் சொல்லையும் ஒரே மூச்சில் வெட்டப் போவதுதான் கீழே வரும் பிழைகளில் பலவற்றுக்கும் வேர்.

இங்கே அசைகளுக்கு நடுவே சிறு கோடு. அழுத்தம் விழும் இடத்துக்கு முன்னால் ˈ என்ற குறி. தமிழ் எழுத்தில் ஆங்கில ஒலி முழுதாக வராது என்பதால் ஐயம் வரும் சொல்லுக்குப் பொருளையும் தந்திருக்கிறோம்.

இரண்டு அசைச் சொல் நான்காக நீள்கிறது

நோட்புக் இரண்டு அசை. நம் வாயில் அது நோட்டுபுக்கு என்று நான்காகிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே க், ட், ப் என்று முடியும் ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடுகிறோம்: கப்பு, லைட்டு, புக்கு. தனிச்சொல்லில் ஓர் அசைதான் கூடும். கூட்டுச்சொல்லில் மூட்டில் ஒன்று, இறுதியில் ஒன்று என இரண்டு கூடிவிடும்.

மூட்டில் வரும் உகரத்தை நீக்குவது எளிது. அந்தப் பயிற்சி ஏற்கெனவே நம் நாக்கில் இருக்கிறது. நட்பு என்பதை யாரும் நட்டுபு என்று சொல்வதில்லை. வெட்கத்தை வெட்டுகம் ஆக்குவதில்லை. நோட்புக்கிலும் ஃபுட்பாலிலும் மூட்டில் இருப்பது நட்பின் ட்ப-வுக்கு நெருக்கமான ஒலி. அவுட்கம் என்பதில் இருப்பது வெட்கத்தின் ட்க. நட்பு, நோட்புக், நட்பு, நோட்புக் என்று மாற்றி மாற்றிப் பத்து முறை சொன்னால் நடு உகரம் தானாக உதிரும்.

இறுதி உகரம் பிடிவாதமானது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நோட்புக் என்று சொல்லுங்கள். கடைசி க்-குக்குப் பிறகு விரலில் அதிர்வு தெரிந்தால் உகரம் வந்துவிட்டது. க்-குக்காக அடிநாக்கு மேலே ஒட்டியதும் அங்கேயே நிறுத்திவிடுங்கள், விடுவிக்கவே வேண்டாம். ஆங்கிலம் பேசுபவர்களும் இந்த இடத்தில் பல நேரம் விடுவிப்பதில்லை. ஃபிலிம் ஸ்டார் என்று நாம் சொல்வதிலும் இதே கதைதான்: ஃபில்ம் ஓர் அசை, நடுவில் இகரத்தைச் செருகியது நாம்.

டவுன்டவுன் நான்கு அசை போலத் தெரிகிறது

இது தமிழ் எழுத்து காட்டும் கண்கட்டு. ட, வு என்று இரண்டு எழுத்தாக எழுதுவதால் இரண்டு அசை என்று எண்ணிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது ஔ போல ஒரே மூச்சில் சறுக்கிச் செல்லும் ஈருயிர். டவுன் ஓர் அசை. ஹவுஸ் ஓர் அசை. கவ்பாயின் கவ் ஓர் அசை. ஆகவே டவுன்-டவுன் இரண்டு, க்ரீன்-ஹவுஸ் இரண்டு. ஈருயிரைக் கையால் ஒரே தட்டில் தட்டிப் பாருங்கள். இரண்டு தட்டு தேவைப்பட்டால் வ-வை அதிகமாக உச்சரிக்கிறீர்கள்.

எழுத்தில் இருக்கும் ஈ-யை உச்சரித்துவிடுகிறோம்

பேஸ்பால், லைஃப்டைம், ஹோம்வர்க், சம்திங், ஃபயர்ப்ளேஸ். இவற்றின் நடுவில் எல்லாம் ஆங்கில ஈ எழுத்து உட்கார்ந்திருக்கிறது. புதிதாகப் படிக்கும் குழந்தை பே-ஸெ-பால் என்று மூன்றாகப் பிரிக்கும். குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது. மெய்க்கும் மெய்க்கும் நடுவில் ஓர் உயிரெழுத்து இருந்தால் அசை என்றுதான் பொதுவிதி கற்பிக்கப்பட்டிருக்கும். மூட்டை முதலில் வெட்டினால் சிக்கலே இல்லை. பேஸ் தனிச்சொல்லாக இருக்கும்போது அந்த ஈ ஊமை. ஒட்டிய பிறகும் ஊமைதான். பேஸ்-பால் இரண்டு. பாஸ்-கெட்-பால் மூன்று, ஏனென்றால் பாஸ்கெட் தனியாகவே இரண்டு.

வேர்ஆஸ், மோர்ஓவர் போன்ற இணைப்புச் சொற்களிலும் இதுவே. வேர்-ˈஆஸ் இரண்டு அசை. மூட்டு தெரியாமல் வெ-ரி-யாஸ் என்று மூன்றாகச் சொல்பவர்கள் ஏராளம்.

அசை குறைந்துவிடுகிறது

இரண்டு காரணங்கள். முதலாவது, யாப்பு படித்தவர்களுக்கு மட்டும் வருவது. நம் யாப்பில் குறிலிணை ஒரு நிரையசை. ஹனிமூன் என்பதை அலகிட்டால் நிரை, நேர். புளிமா என்று இரண்டோடு முடியும். ஆங்கிலக் கணக்கில் ஹ-னி-மூன் மூன்று. அங்கே குறிலும் நெடிலும் ஒன்றுபோலத்தான். ஒலிக்கும் உயிர் ஒவ்வொன்றும் ஓர் அசை. அசை என்ற ஒரே சொல்லை இரண்டு மொழிக்கும் புழங்குவதால் வரும் குழப்பம் இது. வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, உயிரே இல்லாத அசை. டேபிள்க்ளாத், கேண்டில்லைட், பாட்டில்நெக், மிடில்மேன் எல்லாம் மூன்று அசை. இவற்றில் மூட்டுக்கு முன்னால் வரும் ஈ-யும் ஊமைதான். ஆனால் அதற்கு முந்திய ல் ஒரு மெய்யை ஒட்டி நிற்பதால், உயிரின் வேலையைத் தானே செய்து ஓர் அசையாகிவிடுகிறது. பட்டன்ஹோலில் (சட்டைப் பொத்தானின் துளை) அதே வேலையை ன் செய்கிறது. தாடைக்கு அடியில் கையை வைத்து, தாடை எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணும் முறையைப் பலரும் கற்பிக்கிறார்கள். பொதுவாக நல்ல முறைதான். இந்த ல், ன் அசையில் மட்டும் தாடை இறங்காது; எண்ணிக்கை ஒன்று குறையும்.

எவ்ரிதிங் மூன்றுதான், எவெரிதிங் என்று நான்காக்க வேண்டாம். ஸ்ட்ராபெரி அமெரிக்கப் பேச்சில் மூன்று, பிரிட்டிஷ் பேச்சில் ஸ்ட்ரா-ப்ரி என இரண்டாகவும் சுருங்கும். வென்ஸ்-டே எழுத்தில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இரண்டே அசை.

மூட்டு தவறான இடத்தில் விழுகிறது

டீ எழுத்தும் எச் எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் ஒரே ஒலி, பீயும் எச்சும் வந்தால் ஃப, எஸ்ஸும் எச்சும் வந்தால் ஷ என்று கற்றிருக்கிறோம். மூட்டுக்கு இரு பக்கமும் ஆளுக்கொன்றாக நின்றால் அந்த விதி செல்லாது. ஹாட்-ஹவுஸ் (செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம்), லைட்-ஹவுஸ், ஃபுட்-ஹோல்ட், கோட்-ஹெர்ட் (ஆடு மேய்ப்பவர்) ஆகியவற்றில் ட் தனி, ஹ தனி. அப்-ஹில், லூப்-ஹோல் இரண்டிலும் ஃப கிடையாது. க்ராஸ்-ஹாப்பரில் (வெட்டுக்கிளி) ஷ கிடையாது. ஷெப்பர்ட் (ஆட்டிடையர்) இன்னும் ஒரு படி மேலே போய் ஹ-வையே தொலைத்துவிட்டது. ஆனாலும் அது ஷெஃபர்ட் ஆகாது.

மேன்ஸ்லாட்டர் என்பது கொல்லும் எண்ணமின்றி நேர்ந்த கொலையைக் குறிக்கும் சட்டச் சொல். எழுத்தில் மூட்டை ஓர் எழுத்து தள்ளி வெட்டினால் மேன்ஸ் லாஃப்டர், அதாவது ஆண்மகனின் சிரிப்பு. வரி முடிவில் இந்தச் சொல்லை உடைக்க வேண்டி வந்தால் கவனம் தேவை.

மூட்டு காதுக்கும் கேட்கும். நைட் ரேட் (இரவுக் கட்டணம்), நைட்ரேட் (உரத்தில் இருக்கும் உப்பு) இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ட் மூட்டுக்கு முன்னால் அடங்கி நிற்கிறது, ர பிறகு தொடங்குகிறது. இரண்டாவதில் ட்ர ஒன்றாக வெடிக்கிறது: நை-ட்ரேட். கூட்டுச்சொல்லில் மெய்யை மூட்டைத் தாண்டி அடுத்த அசைக்குத் தள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. மூட்டே இல்லாத சொல்லில் மூட்டைப் பார்ப்பது. கார்ப்பெட் (தரைவிரிப்பு) காரும் பெட்டும் சேர்ந்ததல்ல. லெஜண்ட் என்பதில் லெக்கும் எண்டும் கிடையாது. ஹாம்பர்கர் ஹாம்பர்க் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. மக்கள் அதை ஹாம், பர்கர் என்று தவறாக வெட்டியதால்தான் பிறகு சீஸ்பர்கர் பிறந்தது. ஐலண்ட் பழைய கூட்டுச்சொல்தான். ஆனால் அதில் வரும் எஸ் எழுத்து ஐல் என்ற வேறொரு சொல்லின் சாயலைப் பார்த்துப் பின்னால் செருகப்பட்டது. அதனால்தான் அது எப்போதும் ஊமை. இஸ்-லண்ட் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் அட்டைகளைத் தூக்கிப் போடுங்கள்.

ஒரே மெய் மூட்டில் இரண்டு முறை வருகிறது

ரூம்மேட், புக்கேஸ், புக்கீப்பர், லாம்ப்போஸ்ட், நைட்டைம். மூட்டின் இரு பக்கமும் ஒரே மெய். இங்கே அதை இரண்டு தடவை தனித்தனியாக வெடிக்க வைக்கக் கூடாது, ஒன்றாகச் சுருக்கவும் கூடாது; ஒரு முறை மூடி, சற்றே நிறுத்தி, திறக்க வேண்டும். தமிழர்களுக்கு இது பிறவிச் சொத்து. அம்மாவில் வரும் ம்ம-தான் ரூம்மேட்டில் வருவது. பக்கம் என்பதில் வரும் க்க-தான் புக்கேஸில்.

சொத்து இருப்பதால் வரும் தொல்லை வேறு. மூட்டே இல்லாத ஹாப்பி, ராபிட், லெட்டர் போன்ற சொற்களிலும் எழுத்தில் இரட்டை மெய்யைப் பார்த்ததும் நாம் இரட்டித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒரே வேருக்குள் மெய் நீளாது. ராபிட்டில் இருப்பது ஒற்றை மெய்தான். அந்த எழுத்தை ராப், பிட் என்று நடுவே வெட்டுவது எழுதுவதற்கான வசதி மட்டும். நீளும் மெய் கேட்டால் அங்கே மூட்டு இருக்கிறது என்றே ஆங்கிலக் காது எடுத்துக்கொள்ளும்.

பிரித்தது சரி, ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை

சில கூட்டுச்சொற்களில் மூட்டு காலத்தில் கரைந்துபோயிற்று. எழுத்து மட்டும் பழைய எலும்புக்கூட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கப்போர்ட் என்று நாம் எழுத்தைப் பார்த்துச் சொல்லும் அலமாரி, ஆங்கிலத்தில் ˈக-பர்ட். ப்ரேக்கும் ஃபாஸ்ட்டும் சேர்ந்தது ˈப்ரெக்-ஃபஸ்ட். வைனும் யார்டும் சேர்ந்த திராட்சைத் தோட்டம் ˈவின்-யர்ட். படகு, கப்பல் சொற்களில் கரைப்பு அதிகம்: போட்ஸ்வெய்ன் (கப்பல் தளப் பொறுப்பாளர்) என்று எழுதி ˈபோ-ஸன் என்பார்கள், கன்வேல் (படகின் மேல் விளிம்பு) என்று எழுதி ˈக-னல் என்பார்கள். ஹாண்ட்கர்சீஃப் ˈஹாங்-கர்-சிஃப், நாம் முதல் அசையை வெட்டிவிட்டுக் கர்ச்சீப் என்று வைத்துக்கொண்டோம். ஃபோர்ஹெட் திரும்பி வரும் வகை: முன்பு ˈஃபா-ரிட், இப்போது எழுத்தைப் பார்த்து ˈஃபோர்-ஹெட் என்று சொல்வதே பெரும்பாலும் கேட்கிறது.

ஊர்ப் பெயர்களில் எழுத்தை நம்பவே வேண்டாம். கிரீன்விச் அல்ல, ˈக்ரெ-னிச். லண்டனின் சவுத்வார்க் ˈஸ-தர்க். போர்ட்ஸ்மவுத் ˈபோர்ட்ஸ்-மத்.

இந்தக் கரைப்பு பாதியில் நிற்கும் இடங்களும் உண்டு. போஸ்ட்மேன், போலீஸ்மேன், ஜென்டில்மேன் இவற்றில் கடைசி அசை மன் என்று மங்கிவிடும். ஸ்னோமேன், கேவ்மேன் இவற்றில் மேன் முழுதாக நிற்கும். இங்லண்ட், ஸ்காட்லண்ட் மங்கும். டிஸ்னிலாண்ட், தாய்லாண்ட் மங்காது. பழகித் தேய்ந்த சொல் மங்கும் என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் இதற்கு விதி தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அகராதியைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே எடையில் விழுகிறது

ப்ளாக், போர்ட் இரண்டையும் சம எடையில் தட்டினால் கேட்பவருக்கு அது கறுப்பாக இருக்கும் ஏதோ ஒரு பலகை. ˈப்ளாக்-போர்ட் என்றால்தான் கரும்பலகை. தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை; குறில், நெடில்தான் மாற்றும். அதனால் நம் காது நீளத்தையே எடையாக எடுத்துக்கொள்கிறது. ப்ளாக்போர்டில் இரண்டாம் பாதியின் உயிர் இயல்பிலேயே நீளம். அதை நெடிலாக இழுக்கும்போது எடையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சத்தத்தைக் கூட்டினால் அழுத்தம் வந்துவிடும் என்று நினைப்பது அடுத்த பிழை. ஆங்கில அழுத்தத்தில் சத்தம் சிறு பங்குதான். குரலின் ஏற்ற இறக்கம் பெரும்பங்கு. வாயை மூடிக்கொண்டு ம்-ம் என்று முனகிப் பழகுங்கள். முதல் ம் மேலே தொடங்கி இறங்க வேண்டும், இரண்டாவது ம் கீழேயே கிடக்க வேண்டும். அந்த மெட்டு படிந்ததும் அதன் மேல் ப்ளாக்போர்டை ஏற்றுங்கள். இரண்டாம் பாதியின் நீளம் அப்படியே இருக்கட்டும். மட்டம் மட்டும் தாழ்ந்தால் போதும். அதை விழுங்கி ப்ளாக்பர்ட் என்று ஆக்கிவிடாதீர்கள். இங்கே போர்ட் இரண்டாம் நிலை அழுத்தத்தோடு முழு உயிராக நிற்கிறது. மங்கினால் வேறு சொல்லாகக் கேட்கும்.

எடை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெயரும் பெயரும் சேர்ந்தால் முன்பக்கம் எடை என்று ஒரு வரியில் விதி சொல்லிவிடுவார்கள். ˈடூத்பிரஷ், ˈபுக்ஷாப், ˈரெயின்கோட் வரை அது ஓடும். பிறகு ஆப்பிள் ˈபை (ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டம்) வந்து விதியை உடைக்கும். எந்தச் சொல் உடைக்கும் என்று கண்டுபிடிக்க ஆங்கிலப் புத்தகத்தைவிட, பள்ளியில் படித்த தொகைநிலைத் தொடர் நமக்கு நன்றாகக் கை கொடுக்கிறது. தொகையை விரித்துப் பாருங்கள். எந்த உருபு வருகிறது என்பதே பெரும்பாலும் விடை.

விரிவில் ஐ உருபோ கு உருபோ வந்தால் முன்பக்கம். டாக்சியை ஓட்டுபவர், ˈடாக்சி டிரைவர். பொம்மைகளுக்கான கடை, ˈடாய் ஷாப். காகிதத்துக்கான கவ்வி, ˈபேப்பர் கிளிப். விரிவில் ஆல் ஆன என்று வந்தால் எடை பின்பக்கம் போகும்: காகிதத்தால் ஆன பை, பேப்பர் ˈபேக், பருத்தியால் ஆன சட்டை, காட்டன் ˈஷர்ட், பாலாடைக்கட்டி வைத்துச் செய்த சாண்ட்விச், சீஸ் ˈசாண்ட்விச். ஆப்பிள் ˈபை இங்கேதான் சேர்கிறது. ஆனால் கேக், ஜூஸ், வாட்டர் மூன்றும் இந்த வீட்டின் அடங்காப் பிள்ளைகள். ˈஆப்பிள் கேக், ˈஆரஞ்ச் ஜூஸ், ˈடாப் வாட்டர் (குழாய் நீர்) என்று முன்னால்தான் எடை. காரணம் தேடாமல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இல் உருபு, அதாவது இடமோ காலமோ, பின்பக்கம்: சமையலறையில் உள்ள சன்னல், கிச்சன் ˈவிண்டோ, கோடையில் வரும் விடுமுறை, சம்மர் ˈஹாலிடேஸ். கிறிஸ்மஸ் ˈஈவ் பின்பக்கம். கிறிஸ்மஸுக்கான வாழ்த்து அட்டையான ˈகிறிஸ்மஸ் கார்ட் முன்பக்கம். ஆகிய என்று விரிந்தால், நம் இருபெயரொட்டுப் பண்புத்தொகை போல, அதுவும் பின்பக்கம். பொம்மையாகிய கார், டாய் ˈகார். மேலே பார்த்த ˈடாய் ஷாப்போடு இதை ஒப்பிட்டால் உருபின் வேலை புரியும். ஒரே டாய், எடை இடம் மாறுகிறது.

இங்லிஷ் டீச்சர் இரண்டு விதமாகவும் வரும். ஆங்கிலத்தைக் கற்பிப்பவர் ˈஇங்லிஷ் டீச்சர். இங்கிலாந்துக்காரராகிய ஆசிரியர் இங்லிஷ் ˈடீச்சர். எழுத்தில் வேறுபாடே இல்லை.

பண்பும் பெயரும் சேர்ந்தால் சாதாரணத் தொடரில் பின்பக்கம், பெயராக இறுகிவிட்டால் முன்பக்கம். க்ரீன் ˈஹவுஸ் பச்சை வீடு, ˈக்ரீன்ஹவுஸ் செடிக்கூடம். வைட் ˈஹவுஸ் ஏதோ ஒரு வெள்ளை வீடு, ˈவைட் ஹவுஸ் அமெரிக்க அதிபர் இருப்பது. டார்க் ˈரூம் விளக்கில்லாத அறை, ˈடார்க்ரூம் புகைப்படம் கழுவும் அறை. நாம் வேங்கை என்பதை ஒரு சொல்லாகவும், வேகும் கை என்று பிரித்தும் படிக்கும் பொதுமொழி விளையாட்டு போன்றது இது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு படிப்பையும் பிரித்துக் காட்டுவது அழுத்தம்.

அன்மொழித்தொகைக்கு முன்பக்கம் என்று துணிந்து சொல்லலாம். ˈரெட்ஹெட் சிவந்த தலையைக் குறிக்கவில்லை, செம்பட்டை முடிக்காரரைக் குறிக்கிறது. ˈபேப்பர்பேக் (தாள் அட்டைப் புத்தகம்), ˈபிக்பாக்கெட், ˈஸ்கேர்க்ரோ எல்லாம் அந்த வகை. உவமைத்தொகை போன்ற ஸ்னோ-ˈவைட், ஐஸ்-ˈகோல்ட், உம்மைத்தொகை போன்ற பிட்டர்-ˈஸ்வீட், ஆஸ்திரியா-ˈஹங்கேரி ஆகியவை பின்பக்கம்.

வினைத்தொகைக்கு நிகரான ˈப்ளேக்ரவுண்ட், ˈஸ்விம்சூட் முன்பக்கம். ங் என்று முடியும் சொல் முன்னால் வந்தால்தான் தமிழ் நம்மை ஏமாற்றும், ஏனென்றால் ஓடும் நீர், குடிக்கும் நீர் இரண்டும் நமக்கு ஒரே அமைப்பு. அதற்கான என்று போட்டுப் பாருங்கள். குடிப்பதற்கான நீர் பொருந்துகிறது, ˈட்ரிங்கிங் வாட்டர். ஓடுவதற்கான நீர் பொருந்தவில்லை, ரன்னிங் ˈவாட்டர். ˈஸ்லீப்பிங் பேக் உறங்குவதற்கான பை. ஸ்லீப்பிங் ˈபேபி உறங்குகிற குழந்தை.

தெருப் பெயர்களுக்குத் தனிச் சட்டம். ஸ்ட்ரீட் என்று முடிந்தால் எடை முன்னால்: ˈஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட், ˈவால் ஸ்ட்ரீட். ரோடு, லேன், அவென்யூ, ஸ்கொயர், பார்க், பிரிட்ஜ் என்று முடிந்தால் பின்னால்: பார்க் ˈலேன், ஃபிஃப்த் ˈஅவென்யூ, ஹைட் ˈபார்க், டவர் ˈபிரிட்ஜ். அந்தக் கணக்கில் சென்னையின் பழைய மவுன்ட் ரோடும் ரோடில்தான் எடை பெற வேண்டும்.

நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு. வீக்-ˈஎண்ட் பிரிட்டிஷ், ˈவீக்-எண்ட் அமெரிக்கன். ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டால் போதும்.

சிறு இணைப்புச் சொற்களில் எல்லாம் முன்பக்கம் எடை போடுகிறோம்

மை-ˈசெல்ஃப், ஹிம்-ˈசெல்ஃப், ஹவ்-ˈஎ-வர், வாட்-ˈஎ-வர், வித்-ˈஅவுட், இன்-ˈடீட், நெ-வர்-த-ˈலெஸ். இவற்றுக்கு எடை பின்பக்கம். ˈசம்திங், ˈமேபீ, ˈதேர்ஃபோர் முன்பக்கம். செல்ஃப், எவர் என்று முடிந்தால் பின்னால் என்ற இரண்டை மட்டும் விதியாக வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்டுப் பழகுங்கள்.

பெயராகச் சொன்னால் சரி, வினையாகச் சொன்னால் தப்பு

வினையோடு அவுட், டவுன், ஆஃப் சேர்ந்து பெயராகும்போது எடை முன்னால்: ˈசெக்அவுட், ˈப்ரேக்டவுன், ˈடேக்ஆஃப். வினையாகவே இருந்தால் எடை பின்னால் வரும் சிறு சொல்லுக்கு: செக் ˈஅவுட், ப்ரேக் ˈடவுன். அந்தச் சிறு சொல் முன்னால் வந்து ஒட்டினால் வினையில் எடை வேருக்கு, பெயரில் முன்னொட்டுக்கு: ஓவர்-ˈஃப்லோ (வழிகிறது), ˈஓவர்-ஃப்லோ (வழிந்தது, அல்லது வழியும் குழாய்). அண்டர்-ˈஸ்டாண்ட், ஓவர்-ˈகம் வினைகள். ˈஅவுட்புட், ˈஓவர்கோட் பெயர்கள். பெயரும் வினையும் ஒட்டிய ˈபேபிசிட், ˈப்ரூஃப்ரீட் இந்தக் கூட்டத்தில் சேராது, வினையானாலும் முன்பக்கமே. ஆளைக் குறிக்கும் பாஸர்-ˈபை (வழிப்போக்கர்), ரன்னர்-ˈஅப் இரண்டும் பெயர்களாக இருந்தும் பின்பக்கம்.

தனியாகச் சரியாக இருந்த அழுத்தம் வாக்கியத்தில் தப்பாகிறது

ஓல்ட்-ˈஃபாஷன்ட் பின்பக்கம். ஆனால் அடுத்து ஹாட் (தொப்பி) என்ற பெயர் வந்தால் ˈஓல்ட்-ஃபாஷன்ட் ˈஹாட். இரண்டு எடை அருகருகே மோதிக்கொள்ளாமல் இருக்க முன்னது இடம் மாறுகிறது. ஆஃப்டர்-ˈநூன், ஆனால் ˈஆஃப்டர்நூன் ˈடீ.

இது எண்களில் பணத்தையே பாதிக்கும். தர்ˈடீன் 13, ˈதர்ட்டி 30. ஃபிஃப்ˈடீன் 15, ˈஃபிஃப்டி 50. தனியாகச் சொல்லும்போது அழுத்தமே வேறுபடுத்திவிடும். பின்னால் தவ்சண்ட் என்று ஒரு சொல் சேர்ந்ததும் ˈஃபிஃப்டீன் ˈதவ்சண்ட் என எடை முன்னால் நகர்ந்துவிடும்; இப்போது 15,000-க்கும் 50,000-க்கும் இடையில் நிற்பது டீனின் நீண்ட உயிரும் இறுதி ன்-னும்தான். தொலைபேசியில் தொகை சொல்லும்போது அந்த ன்-னில் நாக்கை மேல்பல் ஈறின் மீது நன்றாக ஒட்டி நிறுத்துங்கள். ஐயமிருந்தால் ஒன் ஃபைவ் என்று இலக்கமாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று சொல் சேர்ந்ததும் எல்லாம் குழம்புகிறது

கிச்சன், டவல், ராக் மூன்றும் சேர்ந்தால் என்ன? எந்த இரண்டு முதலில் ஒட்டின என்று பாருங்கள். கிச்சன் டவல் ஒரு பொருளாக இருந்து, அதை வைக்கும் தாங்கி என்றால் ˈகிச்சன் டவல் ராக். டவல் ராக் ஒரு பொருளாக இருந்து, அது சமையலறையில் இருப்பது என்றால் கிச்சன் ˈடவல் ராக். பின்பாதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால் முதன்மை எடை அந்தப் பின்பாதிக்குள் போகும் என்பதே இதன் கணக்கு. மொழியியலாளர்கள் மார்க் லிபர்மனும் ஆலன் பிரின்ஸும் 1977-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு ஆங்கில ஒலியியலில் இது நிலைத்துவிட்டது. ˈப்ளாக்போர்ட் டஸ்டர் என்பதில் பின்பாதி ஒற்றைச் சொல். எனவே எடை முன்னால் ப்ளாக்கிலேயே தங்கும்.

அகராதியைப் பார்த்தும் தவறாக வருகிறது

இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். மெரியம் வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே இருக்கும் புள்ளிகள் வரி முடிவில் எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை. பேச்சு அசையோடு அவை எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாலெட்ஜ் (அறிவு) என்ற சொல்லை அமெரிக்கர்கள் ஒலியைப் பார்த்து டபிள்யூ, எல் எழுத்துகளுக்குப் பின் உடைப்பார்கள். பிரிட்டிஷ் மரபு சொற்பிறப்பைப் பார்த்து எல்-லுக்கு முன்பே உடைக்கும். அசையை அறிய, தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் தரப்படும் உச்சரிப்புப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து அழுத்தக் குறி. மேலே நிற்கும் சிறு கோடு முதன்மை, கீழே நிற்பது இரண்டாம் நிலை. பன்னாட்டு ஒலிக்குறி வழக்கத்தில் குறி அசைக்கு முன்னால் வரும். மெரியம் வெப்ஸ்டரிலும் அப்படியே. அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதியில் குறி அசைக்குப் பின்னால் வரும். ஒன்றில் பழகிவிட்டு மற்றதைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லிலும் எடை ஓர் அசை தள்ளி விழும். புதிய அகராதி கைக்கு வந்ததும் முதலில் ˈப்ளாக்போர்ட் போன்ற தெரிந்த சொல் ஒன்றைத் தேடி, குறி ப்ளாக்குக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.